சட்டைப் பையில் ஒரு காமிரா

"போன்லதான் காமிரா இருக்கே, தனியா இன்னொண்ணு எதுக்கு சார்?" என்று கடற்கரைக்குக் காலை நடைக்கு வருபவர்களில் வாரம் ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் என் நடை கெட்டுப்போகும். ஆகவே பதிலை மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். அறுபது தாண்டியவர்களுக்கு அன்றாடம் படம் எடுக்கும் ஆசை இருந்தால், கைக்கடக்கமான ஒரு டிஜிட்டல் காமிரா போனைவிட நல்ல துணை. ஆனால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவதை அப்படியே வாங்கி வந்துவிடக் கூடாது. எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு லென்ஸ் என்றால் 'ஒப்ழெக்திஃப்'. அதே சொல்லுக்குக் 'குறிக்கோள்' என்றும் பொருள். தமிழிலும் நோக்குவதும் நோக்கமும் அக்கம்பக்கத்துச் சொற்கள்தானே. ஆகவே லென்ஸைப் பார்ப்பதற்கு முன் நோக்கத்தைப் பார்ப்போம்.

என் நோக்கம் சிறியது. கல்யாண மண்டபத்தில் படம் எடுக்க ஆள் இருக்கிறார்கள். பறவையையும் புலியையும் எடுக்க நான் காட்டுக்குப் போகப்போவதில்லை. தெரு, திண்ணை, பேரப்பிள்ளைகள், நண்பர்கள், சந்தை, மழை, ஞாயிற்றுக்கிழமைக் கடைகள் இவைதான் எனக்கு வேண்டியவை. நாளைக்கும் இருக்கும் என்று நினைத்து யாரும் எடுக்காமல் விட்டுவிடுகிற விஷயங்கள் இவை.

போனைப் பற்றியும் நியாயமாகப் பேசிவிடுகிறேன். இன்றைய விலை உயர்ந்த போன்கள் இரவு வெளிச்சத்தில் பிரமாதமாக எடுக்கின்றன. எடுத்த படத்தை அடுத்த நொடியே சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவிடலாம். அதில் சந்தோஷமாக இருப்பவர்கள் காமிராவுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஆனால் நம் வயதில் விரல் நுனி காய்ந்துபோகிறது. கண்ணாடித் திரையை மூன்று முறை தட்டினால்தான் ஒரு முறை கேட்கிறது. கொஞ்சம் கை நடுக்கம் உள்ளவர்களுக்கு வழுக்கும் தகடு போன்ற போனை இரு விரலில் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் தட்டுவது பெரிய அவஸ்தை. காமிராவில் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பாதி அழுத்தினால் குறி பார்க்கிறது, முழுவதும் அழுத்தினால் எடுக்கிறது. விரலுக்குத் தெரியும்படி ஒரு வேலை நடக்கிறது. மணிக்கட்டில் வார் மாட்டிக்கொண்டால் கீழே விழும் பயமும் இல்லை.

இன்னொரு காரணம் ஒழுங்கு. போனில் எடுத்த படம் ஆயிரம் 'காலை வணக்கம்' ரோஜாப் பூக்களுக்கு நடுவே போய்ப் புதைந்துவிடுகிறது. முப்பது வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எழுத்தன் நான். எது எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அது இல்லாததற்குச் சமம். காமிரா அட்டையில் நான் எடுத்தவை மட்டுமே இருக்கின்றன, எடுத்த வரிசையிலேயே.

சின்னக் காமிராவைக் கேவலமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர். 1950 ஏப்ரலில் நம் ஊருக்கு வந்து அரவிந்தரையும் அன்னையையும் எடுத்தவரும் அவரே. அவர் கையில் இருந்தது லைக்கா என்னும் சிறிய காமிரா. பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸ். பளபளப்பு தெரியக் கூடாது என்று அதன் உலோகப் பகுதிகளைக் கறுப்பாக்கி வைத்திருந்தார். காமிரா சிறியதாக இருந்தால் எதிரில் இருப்பவர் விறைத்துக்கொள்ள மாட்டார். நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பெரிய காமிராவைத் தூக்கினால் உடனே சட்டையை இழுத்துவிட்டு, கையைக் கட்டி, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நின்றுவிடுவார்கள்.

இனி வாங்கும் விஷயம். கடையில் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்குத்தான். அதை நாமே போட்டுப் பார்ப்போம். 6-க்கு 4 அங்குலப் படம் நன்றாக அச்சாக அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 1800-ஐ 1200-ஆல் பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம், அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். சுவரில் மாட்ட 12-க்கு 8 அங்குலம் வேண்டுமென்றாலும் 9 மெகாபிக்சலைத் தாண்டாது. ஆகவே 16-ஆ 20-ஆ என்ற சண்டை நமக்கு வேண்டாம்.

பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. பழைய காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது அது. மழைக்குப் பாத்திரம் வைப்பதுபோல, வாய் அகன்றால் கூடுதலாக ஒளி விழும். மலிவான சிறு காமிராக்களில் அது சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். '1 அங்குல சென்சார்' என்று சொல்லப்படும் காமிராக்களில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். எந்தப் பக்கத்தை அளந்தாலும் 1 அங்குலம் வராது, பெயர் மட்டும் அப்படி. ஆனால் பரப்பளவு நான்கு மடங்கு. மாலை ஆறரை மணிக்கு வீட்டுக் கூடத்தில் பேத்தியை எடுக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நல்ல போன்களின் சென்சார், மலிவுக் காமிராவின் சென்சாரைவிடப் பெரியதாகவே இப்போது வருகிறது. ஆகவே படத்தின் தரத்துக்காக மலிவுக் காமிரா வாங்குவது வீண். பிடிப்பதற்கு வசதி, பொத்தான், லென்ஸே முன்னும் பின்னும் நகரும் நிஜமான ஜூம், இவற்றுக்காக வாங்கலாம். தரமும் வேண்டும் என்றால் 1 அங்குல வகைக்குத்தான் போக வேண்டும். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 அந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பாட்டரியோடு 240 கிராம். 2014-இல் வந்த கேனன் ஜி7எக்ஸ் இன்னொன்று.

அடுத்து ஜூம். ஒரு கடையில் 40 மடங்கு ஜூம் உள்ள ஒன்றை எடுத்து வைத்து, "கலங்கரை விளக்கத்து உச்சியில நிக்கிற ஆளோட மீசையை எடுக்கலாம் சார்" என்றார் விற்பனைப் பையன். நான் ஏன் தம்பி அவர் மீசையை எடுக்க வேண்டும் என்று கேட்டேன், சிரித்துவிட்டான். அவ்வளவு நீட்டினால் ஒளி குறையும், கை லேசாக அசைந்தாலும் படம் கலங்கும். வீட்டுக்குள்ளும் தெருவிலும் எடுப்பதற்கு 24 அல்லது 28 மில்லிமீட்டரில் தொடங்கி 70 அல்லது 100 வரை போகும் லென்ஸ் போதும். 'டிஜிட்டல் ஜூம்' என்று போட்டிருப்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது.

லென்ஸின் மேல் எஃப் என்று ஓர் எண் இருக்கும். அது குறைவாக இருந்தால் நல்லது. 1.8 என்று இருக்கும் லென்ஸ், 3.3 என்று இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமாக ஒளியை உள்ளே விடும். 'அசைவு தடுப்பு' என்று ஒரு வசதி சொல்வார்கள். அது நம் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து. ஓடும் பேரனை அது நிறுத்தாது. அவனை நிறுத்த ஒளி வேண்டும்.

நம் கடற்கரை வெயிலில் பின்பக்கத் திரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இருந்தால் பெரிய சௌகரியம். ஆர்எக்ஸ்100 வரிசையில் மூன்றாவது மாடலிலிருந்து அது மேலே எழும்பி வருவதுபோல வைத்தார்கள். விலை கூடுதல்தான். முடியாதவர்கள் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சமாளிக்கலாம்.

சிறு காமிராக்கள் இப்போது கடைகளில் அருகிவிட்டன. 2010-இல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல், அதில் பெரும்பங்கு இந்தச் சிறு வகை. 2023-இல் சிறு வகை 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே பலருக்குப் பழையது வாங்குவதுதான் வழி. வாங்கும்போது நாலு சோதனை செய்யுங்கள். லென்ஸ் தடங்கலில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா? வெறும் வானத்தை எடுத்தால் கறுப்புப் புள்ளி விழுகிறதா? பாட்டரி உப்பியிருக்கிறதா? அதே பாட்டரியும் சார்ஜரும் இன்னும் கிடைக்கின்றனவா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

உபயோகிக்க ஒரே ஒரு பாடம் போதும். கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்து நண்பரை நிறுத்தினால் முகம் கரியாகிவிடும். கூட்டல் பக்கம் ஒரு படி வைத்தால் முகம் தெளியும். அல்லது அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, காந்தி சிலை பின்னால் வரும்படி எடுங்கள். சூரியனை முகத்தில் வாங்க யாரும் தயங்குவதில்லை, கண்ணை மூடிக்கொள்வதுதான் தொல்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கடற்கரைச் சாலையில் நின்ற பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழையதன் படிக்கட்டில் குடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரை, காரை பெயர்ந்த தூணோடு சேர்த்து, ஏதோ ஒரு சாதாரணக் காலையில் நான் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அன்று அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இன்று பார்க்க வருபவர்கள் அதைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை.

இரண்டாவது, எங்கள் பெஞ்சுக்காரர்களில் ஒருவர். ஐந்து பேர் தினமும் நடை முடிந்து அதே பெஞ்சில் உட்காருவோம். அவர் போய்ச் சேர்ந்த அன்று, மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடியிருக்கிறார்கள். வீட்டில் கிடைத்தது ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டிய படம் ஒன்றுதான். அவருடைய போன் பூட்டியிருந்தது, திறக்கும் எண் ஒருவருக்கும் தெரியவில்லை. மகன் என்னிடம் வந்தான். டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, பல் இல்லாத வாயைத் திறந்து அவர் சிரிக்கும் படம் ஒன்று கொடுத்தேன். "அப்பா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல சார்" என்றான். வீட்டில் அவர் கண்டிப்பான மனிதர். அந்தச் சிரிப்பு பெஞ்சுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. இப்போது அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

ஆகவே எடுப்பது பாதி வேலைதான். மாதம் பத்துப் படமாவது காகிதத்தில் அச்சுப் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், இடம், தேதி எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் இறங்கும். பழைய ஆல்பங்களில் 'இது யார்?' என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர் எழுதாத படம், எண் போடாத கோப்பு.

படம் பிடிக்கும் வித்தையை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் உலகத்துக்கு அறிவித்தார்கள். அப்போது ஒரு படத்துக்குப் பல நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். இன்று பாக்கெட்டில் கையை விட்டு எடுத்து, இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடிக்க முடிந்தவர்கள் ஒன்று வாங்குங்கள். முடியாதவர்கள், மகள் வீட்டு அலமாரியில் பாட்டரி தீர்ந்து கிடக்கும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். முதல் படமாக யாராவது நண்பரை எடுங்கள். சொல்லிவிட்டு எடுக்காதீர்கள், விறைத்துக்கொள்வார்.