அரசுப் பள்ளி மாணவர்கள் ஃபாஸ்ட்நெட் போனது எப்படி?

வட லண்டனில் ஹேரிங்கே என்றொரு வட்டாரம். அங்குள்ள கிரெய்க் சிட்டி அகாடமி, அரசு நிதியில் கட்டணமில்லாமல் நடக்கும் பள்ளி. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் இந்தப் பள்ளியின் மாணவர் குழு, ஸ்காரமூஷ் என்ற 45 அடிப் பாய்மரப் படகில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் இறங்கியது. அந்தப் பந்தயத்தில் அரசுப் பள்ளிக் குழு ஒன்று கலந்துகொண்டது அதுவே முதல் முறை. ஃபாஸ்ட்நெட் தொடங்கியது 1925இல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இதற்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்ற கேள்வி எழும். பதில் தெரிய, முதலில் பந்தயம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பாய்மரப் படகுப் பந்தயத்தில் இரண்டு வகை உண்டு. கரையோரம் மிதவைகளைச் சுற்றி வந்து சில மணி நேரத்தில் முடிவது ஒன்று. கரையை விட்டு விலகி, இரவும் பகலும் நிற்காமல் ஓடுவது மற்றது. இதை வெளிக்கடல் பந்தயம் என்கிறோம். ஃபாஸ்ட்நெட் இந்த இரண்டாம் வகை. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் உள்ள கௌஸ் ஊரில் படகுகள் புறப்படும். மேற்கே போய், அயர்லாந்தின் தென்மேற்கில் கலங்கரை விளக்கம் நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும். 2017இல் பந்தயம் பிளிமத் துறைமுகத்தில் முடிந்தது. மொத்தம் 605 கடல்மைல். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். ஆக, ஏறத்தாழ 1,120 கிலோமீட்டர். 2021 முதல் பந்தயம் பிரான்சின் ஷெர்பூரில் முடிகிறது. தூரமும் 695 கடல்மைலாகக் கூடிவிட்டது.

தூரம் பெரிய சிக்கல் அல்ல. காற்றுதான் சிக்கல். பாய்மரப் படகு காற்று வரும் திசைக்கு நேர் எதிராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, வலப்பக்கம் கொஞ்ச தூரம், இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். அந்தக் கடலில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. படகுகள் போக வேண்டியதும் அதே பக்கம். அதனால் பாதையின் முதல் பாதியில், வரைபடத்தில் தெரியும் தூரத்தைவிட அதிகமாக ஓட வேண்டியிருக்கும்.

அடுத்தது ஓதம். நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவதும் அதனால் உண்டாகும் நீரோட்டமும் ஓதம் எனப்படும். ஆங்கிலக் கால்வாயில் இந்த நீரோட்டம் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். காற்று விழுந்துவிட்ட நேரத்தில் ஓதம் எதிர்த்து வந்தால், பாய் விரித்திருந்தும் படகு பின்னோக்கிப் போகும். அப்போது விவரம் தெரிந்தவர்கள் நங்கூரம் போட்டுவிடுவார்கள். பந்தயத்தின் நடுவே படகை நிறுத்துவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மற்ற படகுகள் பின்வாங்கும்போது நின்ற இடத்தில் நிற்பதே முன்னேற்றம். ஓத அட்டவணையைப் படிக்கக் கற்ற 16 வயதுப் பெண்ணால் இந்த முடிவை எடுக்க முடியும். தோள் வலிமை இதற்குத் தேவையில்லை.

வெற்றியைக் கணக்கிடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய படகு இயல்பாகவே வேகமாக ஓடும். அதனால் ஒவ்வொரு படகுக்கும் அதன் நீளம், எடை, பாயின் பரப்பு முதலியவற்றைப் பார்த்து ஓர் எண் தரப்படுகிறது. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் வருவது திருத்திய நேரம். 1.100 எண்ணுள்ள படகு 110 மணி நேரத்தில் வந்தால் அதன் திருத்திய நேரம் 121 மணி. 0.950 எண்ணுள்ள படகு 125 மணி எடுத்துக்கொண்டாலும் திருத்திய நேரம் 118 மணி 45 நிமிடம்தான். 15 மணி நேரம் பிந்தி வந்த படகே வெற்றி பெறுகிறது. பழைய படகை வாங்கி வருபவர்களுக்கும் இடமிருப்பது இந்தக் கணக்கால்தான். ஸ்காரமூஷும் 1980களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட படகே.

படகுக்குள் வாழ்க்கை காவல்முறைப்படி நடக்கும். குழு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி 4 மணி நேரம் மேல்தளத்தில் வேலை செய்யும். மறு பாதி கீழே தூங்கும். பிறகு மாறிக்கொள்வார்கள். ஒருவர் எழுந்த படுக்கையில், அதன் சூடு ஆறுமுன் அடுத்தவர் படுப்பதும் உண்டு. படகு சாய்ந்தே ஓடுவதால் அடுப்பைத் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எப்படிச் சாய்ந்தாலும் அது மட்டமாக நிற்கும். இரவில் கீழே சிவப்பு விளக்குதான், மேலே போனதும் இருட்டில் கண் தெரிய வேண்டுமே. காற்று வரும் பக்கத்து விளிம்பில், கால்களைக் கடல் பக்கம் தொங்கவிட்டு, வரிசையாக உட்கார்வதும் வேலைதான்: அந்த எடை படகின் சாய்வைக் குறைக்கும். கடல் மயக்கம் பலரையும் விடாது. வாந்தி எடுத்துவிட்டு, முறை வந்ததும் கயிற்றைப் பிடிக்க வருவார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. 1979இல் 303 படகுகள் புறப்பட்டன. நடுவழியில் கடும்புயல். போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். கரை சேர்ந்து பந்தயத்தை முடித்தவை 86 படகுகளே. அதன்பின் விதிகள் இறுகின. இன்று பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. குழுவினரில் பாதிப்பேராவது முன்கூட்டியே ஒன்றாகக் குறிப்பிட்ட தூரம், சுமார் 300 கடல்மைலாவது, வெளிக்கடலில் பந்தயம் ஓட்டியிருக்க வேண்டும். குழுவினரில் ஒரு பகுதியினர் கடலில் உயிர்காக்கும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். உயிர்காப்புத் தெப்பம், வானொலிக் கருவி, உடலில் அணியும் பட்டையைப் படகோடு இணைக்கும் கயிறு எல்லாம் கட்டாயம்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கான விடை இந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. ஆனால் இவற்றை நிறைவேற்ற ஒரு பருவம் முழுக்க வார இறுதிகள் வேண்டும், படகு வேண்டும், துறைமுகக் கட்டணம் வேண்டும், வழி தெரிந்த பெரியவர் வேண்டும். படகோட்டும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இவை கேட்காமலே கிடைக்கின்றன. ஹேரிங்கேயின் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் கட்டணப் பள்ளிகளில் படிப்பவர்கள் மாணவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். படகுத் துறைகளில் அந்தச் சிறு கூட்டமே நிறைந்து தெரிவதற்குத் திறமை காரணமல்ல.

ஒரு நாள் கடலுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பும் திட்டங்களால் பெரிய பயன் இராது. அவை இந்தத் தேவைகளில் எதையும் நிறைவேற்றுவதில்லை. பள்ளியே படகை வைத்துக்கொண்டு, ஒரே குழுவை ஆண்டுக்கணக்கில் பழக்கும்போதுதான் வழி திறக்கிறது. இதிலும் குறை உண்டு. ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் போக முடியும். அவர்களுக்கு ஆகும் செலவில் விளையாட்டுத் திடல் ஒன்றையே பராமரித்துவிடலாம் என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எல்லாப் பள்ளிகளும் படகு வாங்க வேண்டியதில்லை. பல பள்ளிகள் சேர்ந்து ஒரு படகை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முன்பாக, வார இறுதிகளை விட்டுக்கொடுக்கும் ஆசிரியரின் உழைப்பைப் பள்ளி நிர்வாகம் பணிநேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.