ஒலியாத எழுத்தும் தாய்மொழிப் பொருளும்



ஆங்கிலத்தில் 'கே', 'என்' என்னும் இரண்டு எழுத்துகள் இணைந்து முதலில் நிற்கும் சிறு சொற்கள் சில உண்டு. நைஃப் என்றால் கத்தி. நீ என்றால் முழங்கால். நீல் என்றால் மண்டியிடுதல். நாட் என்றால் முடிச்சு. நாப் என்றால் கதவுக் குமிழ். நீட் என்றால் மாவு பிசைதல். நோ என்றால் அறிதல். நைட் என்றால் பண்டைக்காலக் குதிரைவீரன். இவற்றுள் எதிலும் 'கே' ஒலிப்பதில்லை. எழுதும்போது வந்து நிற்கும், படிக்கும்போது விலகிக்கொள்ளும்.

இத்தகைய சொற்களைக் கற்பிப்பது ஆசிரியரின் வேலை மட்டுமே என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, ஐயா!" என்று ஒதுங்கி நிற்கின்றனர். வேறு சிலர், ஆங்கிலம் வர வேண்டுமாயின் தமிழைச் சற்றே தள்ளிவைக்க வேண்டும் என்றுகூடக் கருதுகின்றனர். இவ்விரண்டையும் யான் உடன்படேன். சொல்லை மனத்தில் நிறுத்துவது அதன் பொருள். பொருளை விளங்கவைக்கத் தாய்மொழியைவிட நெருங்கிய துணை பிள்ளைக்கு வேறில்லை.

நம் பிள்ளைகளின் இடர்ப்பாட்டை முதலில் உணர்தல் வேண்டும். ஏழு வயதில் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளை அவர்கள் ஒருங்கே தொடங்குகின்றனர். மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் எழுத்துகள் ஒன்றே, ஒழுங்கோ வேறு. மலாயில் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். 1972 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில், முன்பு 'சீ', 'எச்' என்று இரண்டு எழுத்துகளால் எழுதிய ஒலிக்கு 'சீ' ஒன்றே போதும் என்றும் ஆயிற்று. அவ்வாறு பழகிய பிள்ளை நைஃப் என்பதைக் 'க்னி-ஃபெ' என்று படித்தால் அதனை அறியாமை என்று கடிவது முறையன்று. அப்பிள்ளை தான் கற்ற விதியைச் சரியாகவே கையாண்டிருக்கிறது.

ஆங்கிலேயர் எதற்காக ஒலியாத எழுத்தை எழுதினர்? முற்காலத்தில் அவர்களும் அந்தக் 'கே'யை ஒலித்தே வந்தனர். 1476 ஆம் ஆண்டில் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். அதன்பின் எழுத்துமுறை சிறிது சிறிதாக அச்சில் உறைந்தது. அந்தக் 'கே'யின் ஒலியோ பதினேழாம் நூற்றாண்டை ஒட்டி வழக்கிலிருந்து மறைந்தது. நாக்கு விட்டதை அச்சு விடவில்லை. ஜெர்மானியர் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றே ஒலிக்கின்றனர். இதனைக் கேட்டு ஆங்கிலத்தை எள்ளி நகையாட வேண்டா. 'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் நம் ககரம் ஒரே வகையாகவா ஒலிக்கிறது?

நிற்க. இச்சொற்களுள் சில நமக்கு முற்றும் அயலும் அல்ல. அறிதல் என்னும் பொருளுடைய அந்த நோ என்பதும், நாம் வழங்கும் ஞானம் என்னும் வடசொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. முழங்காலை எட்டும் நீண்ட கைகளை உடையவனை ஆஜானுபாகு என்கிறோம். அதிலுள்ள ஜானுவும் ஆங்கில நீயும் உறவினவே.

பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் மேல் அதன் ஒலியைத் தமிழில் எழுதிக்கொள்வதைக் காண்கிறோம். அதனை யான் தடுப்பதில்லை. ஆனால், அதனை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அறிதலும் நோ, இல்லை என்பதும் நோ. குதிரைவீரனும் நைட், இரவும் நைட். மாவு பிசைதலும் நீட், தேவையும் நீட். கம்பளி நூலால் பின்னுதல் நிட். 'கே'யை விட்டுவிட்டாலோ அது தலையில் பேன் இடும் ஈர்! காதுக்கு ஒன்றாய்க் கேட்பவற்றைக் கண்ணுக்கு வேறாக்குவது அந்த ஒலியாத 'கே'தான். ஆதலால் ஒலியோடு பொருளையும் எழுத வேண்டும்.

பொருளை எழுதுவதிலும் கவனம் வேண்டும். நாக் என்பதற்குத் 'தட்டு' என்று மட்டும் எழுதிக்கொண்ட மாணவன், கூட்டத்தில் எல்லாரும் கையை நாக் செய்தனர் என்று எழுதினால் வியப்பதற்கில்லை. கதவைத் தட்டுவதற்கு நாக், கைதட்டுவதற்குக் கிளாப். நிட் என்பதற்குப் 'பின்னு' என்று நிறுத்தினாலும் அவ்வாறே. தலை பின்னுவதற்கும் பாய் பின்னுவதற்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள். தமிழ் நன்கறிந்த பிள்ளைக்கே இவ்வேறுபாடு எளிதில் புலப்படும்.

சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு, ஒரு சொல்லுக்கும் பொருள் கூறாது விழிக்கும் பிள்ளை ஆங்கிலம் கற்றுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். மதிப்பெண்ணைக் கண்டு வீட்டில் மகிழ்கின்றனர். அங்கேயே விசாரணை முடிந்துவிடுகிறது.

பெற்றோர் செய்யக்கூடியது இதுவே. மாலையில் வேலை முடிந்து வந்தபின், பிள்ளையை அருகில் அமர்த்தி, "ஐயா, இன்று படித்த சொல்லுக்குத் தமிழில் என்ன? அம்மாவுக்குக் காட்டு, பார்ப்போம்," என்று கேளுங்கள். முழங்கால் என்றால் தொட்டுக் காட்டட்டும். முடிச்சு என்றால் ஒரு கயிற்றில் போட்டுக் காட்டட்டும். ரொட்டிக்கு மாவு பிசையும் தாய், "இதற்கு என்ன சொல்?" என்று வினவட்டும். பால்மரம் சீவும் கத்தியும், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லா என்று தந்தை கேட்கட்டும். பிள்ளைக்குத் தெரியாவிடில் மறுநாள் ஆசிரியரைக் கேட்டு வரட்டும். "இதில் பேசாத எழுத்து எது?" என்று இறுதியாகக் கேளுங்கள். இக்கேள்விகளுள் எதற்கும் ஆங்கில அறிவு வேண்டியதில்லை.

'கே', 'என்' முடிந்தபின் 'டபிள்யூ', 'ஆர்' இணையும் சொற்களுக்குச் செல்லலாம். ரைட் எழுதுதல், ராங் தவறு, ரிஸ்ட் மணிக்கட்டு, ராப் பொதிதல். அங்கே பேசாத எழுத்து எது என்பதைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.