கதிரையின் உயரமும் பராமரிப்புத்தான்

ஆசிரியருக்கு,

ஒன்ராறியோ முதியோர் இல்லங்களில், ஓர் அறையில் பலர் நெருங்கி வாழ்ந்த இடங்களில் கொரோனா மரணங்கள் கூடுதலாக இருந்ததை 2020ஆம் ஆண்டின் அனுபவம் காட்டியது. அதன்பின் அறைகளைப் பற்றிப் பேசுகிறோம். தளபாடங்களைப் பற்றிப் பேசுவது குறைவு. கைப்பிடி இல்லாத தாழ்ந்த சோபாவில் இருந்து முழங்கால் தேய்ந்தவர் துணையின்றி எழும்புவது கடினம். மறதிநோய் உள்ளவருக்குக் கம்பளத்தின் கரும்பூக்கள் குழிகளாகத் தெரியலாம். வெள்ளைச் சுவரை ஒட்டிய வெள்ளைக் கழிப்பறை இருக்கை கண்ணில் படாமலே போகலாம்.

வீட்டுப் பாணித் தளபாடம் அல்ல, கிருமி நீக்க வசதியாக வைத்தியசாலைத் தளபாடமே வேண்டும் என்பர் சிலர். துடைக்கக்கூடிய உறைகள் வீட்டுக் கதிரைகளுக்கும் கிடைக்கின்றனவே! செலவு கூடும் என்போர், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரின் சத்திரசிகிச்சையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்காபரோவில் தமிழ் முதியோருக்கென இல்லம் அமைப்போர், கதிரைகளை வாங்குமுன் அம்முதியோரையே அவற்றில் இருத்தி எழுப்பிப் பார்க்கட்டும்.

வாசகர், ரொறன்ரோ