ஆசிரியர் ஏறும் அவை

பண்டை நாளில் நூல் இயற்றிய புலவர், அதனைத் தாமே மெச்சி வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கற்றோர் கூடிய அவையில் அதனை அரங்கேற்றுவார். அவையோர் தடை எழுப்புவர்; புலவர் விடை கூறுவார்; குறை உளதாயின் திருத்திக்கொள்வார். ஆடலும் பாடலும் அவ்வாறே அரங்கேறின. ஆயின், இக்கலைகளையெல்லாம் வழிவழியாகக் காத்துத் தந்த கலை ஒன்று உண்டு. அது கற்பித்தற் கலை. அக்கலைக்கு மட்டும் அரங்கேற்றம் இல்லை. ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழைகின்றார்; கதவு சாத்தப்படுகின்றது; உள்ளே நிகழ்வதை அவரும் அவர்தம் மாணவருமே அறிவர். மாணவன் தேறினால் ஆசிரியர் புகழ் பெறுகின்றார். தவறினால் மாணவன் பழி பெறுகின்றான். இம்முறை நேர்மையுடையதுதானா என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி ஒன்று, மிக இளைய கல்வித்துறை ஒன்றில் நம் காலத்தில் தோன்றியிருக்கின்றது. அத்துறை கணினிக் கல்வி. கணினியை எவ்வாறு அமைப்பது என்று ஆராயும் மாநாடுகள் பல. கணினியியலை எவ்வாறு கற்பிப்பது என்று ஆராய்வதற்கென்றே கூடும் மாநாடுகளும் உள்ளன. பின்லாந்து நாட்டில் கோலி என்னும் இடத்தில் 2001ஆம் ஆண்டு முதல் அத்தகைய கூட்டம் ஒன்று கூடி வருகின்றது. ஏ.சி.எம். எனச் சுருக்கி வழங்கப்பெறும் கணினியாளர் சங்கம் 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அச்சங்கத்தின் சார்பில், கணினிக்கல்வி ஆராய்ச்சிக்கான பன்னாட்டு மாநாடு 2005ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சியாட்டில் நகரில் முதன்முறையாகக் கூடிற்று. பின்னர் ஐரோப்பாவிலும் ஆத்திரேலியாவிலும் கூடியுள்ளது.

இம்மாநாட்டில் கட்டுரை படிக்க விரும்புவோர் அதனை முன்னரே அனுப்புதல் வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்து, துறையறிந்தார் சிலரிடம் அதனைக் கொடுத்து மதிப்பிடச் செய்வர். “நீவிர் அறிய விரும்பியது யாது? எத்தனை மாணவரிடம் ஆராய்ந்தீர்? நீவிர் கண்ட பயன் வேறொரு காரணத்தால் விளைந்திருத்தல் கூடாதா?” என்பன போன்ற வினாக்களுக்கு ஈடுகொடுக்கும் கட்டுரைகளே அவையேறும். அவையிலும் நல்ல முறை ஒன்றைக் கையாண்டுள்ளனர். கேட்போர் வட்ட மேசைகளைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கட்டுரையைக் கூறி முடித்ததும் உடனே வினாத் தொடுக்கமாட்டார். மேசைதோறும் தம்முள் சிறிது நேரம் கலந்து பேசி, அதன் பின்னரே வினவுவர். கேட்டவுடன் மறுப்பதும் கேட்டவுடன் போற்றுவதும் இல்லாத அவை நல்லவை அன்றோ?

இத்துறை ஆசிரியர்கள் இவ்வளவு கவலை கொள்வது ஏன்? கணினி செய்யவேண்டியவற்றை முறையாக வகுத்து எழுதும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். நிரல் எழுதக் கற்றலே கணினிக் கல்வியின் தலைவாயில். அவ்வாயிலில் இடறி விழுவோர் பலர். 2001ஆம் ஆண்டில் பன்னாட்டு ஆசிரியர் குழு ஒன்று, நான்கு பல்கலைக்கழகங்களில் இதனைக் கற்ற 216 மாணவர்க்கு ஒரு தேர்வு வைத்தது. கணக்குகளைச் செய்து விடைகாட்டும் சிறு நிரலை எழுதுக என்பதே வினா. 110 மதிப்பெண்ணுக்கு அவர்கள் சராசரியாகப் பெற்றது 23 மதிப்பெண் அளவே. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 15 நாடுகளில் நடைபெற்ற 161 தொடக்க வகுப்புகளின் முடிவுகளைத் திரட்டியது. நூற்றுக்கு 68 பேர் அளவிலேயே தேறினர் என்பது அதன் முடிவு. மூவருள் ஒருவர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர் என்பது இதன் பொருள்.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. “இது பிறவியில் அமையும் திறம், சிலர்க்கு வரும், சிலர்க்கு வாராது” என்பதே அவ்விடை. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சயீத் தெனாடி, ரிச்சர்டு போர்னாட் என்னும் இருவர் இக்கருத்துடைய கட்டுரை ஒன்றை எழுதிப் பரப்பினர். நிரலாக்கம் கற்பதற்கு முன்னரே மாணவரிடம் அவர்கள் சில வினாக்களைக் கொடுத்தனர். ‘அ’ என்பது 10; ‘ஆ’ என்பது 20; அடுத்து ‘அ = ஆ’ என எழுதினால் இரண்டின் மதிப்பும் யாதாகும்? இவ்வாறு வினாக்கள் அமைந்தன. விடை சரியா தவறா என்பதை அவர்கள் பெரிதாகக் கொள்ளவில்லை. மாணவன் தான் கொண்ட ஒரே விதியை எல்லா வினாக்களிலும் மாறாமல் கையாளுகின்றானா என்றே நோக்கினர். அவ்வாறு கையாளுபவன் தேறுவான். மற்றவன் தேறுதல் அரிது என்றனர். மதிப்பெண்களை வரைந்து பார்த்தால் அவை இரு மேடுகளாக நிற்கும் என்று கருதி, இரு திமில் உடைய ஒட்டகத்தை அக்கட்டுரையின் தலைப்பில் வைத்தனர். உலகெங்கும் ஆசிரியர் பலர் அதனைப் படித்து, “நாம் எண்ணியதும் இதுவே” என மகிழ்ந்தனர். மாணவன் தவறியதற்கு ஆசிரியர் பொறுப்பாளர் அல்லர் என்று கூறும் கருத்து, ஆசிரியர்க்கு இனிக்கத்தானே செய்யும்?

பிறகு நிகழ்ந்ததே நாம் போற்றத்தக்கது. அத்தேர்வைப் பலரும் பல இடங்களில் நடத்திப் பார்த்தனர். சொல்லியவாறு மாணவரைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. 2014ஆம் ஆண்டில் போர்னாட் தாமே முன்வந்து, அக்கட்டுரையில் தாம் கூறியவை சான்றின் அளவைக் கடந்தவை என ஒப்பி, அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி வெளியிட்டார். தாம் எழுதியதைத் தாமே தவறென்று கூறுதல் எளிய செயலன்று. ஆயிரம் புதுக் கண்டுபிடிப்புகளினும் அத்தகைய ஒரு திருத்தம் கல்வியுலகிற்குப் பயன் தரும்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 2016ஆம் ஆண்டில், நாம் முன்னர்க் கூறிய மாநாடு ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கூடியது. அங்கே எலிசபெத் பட்டிட்சாசும் அவர்தம் தோழர்களும் ஒட்டகத்தின் திமில்களையே அளந்து காட்டினர். கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கணினி வகுப்புகளிலிருந்து 778 மதிப்பெண் தொகுதிகளை அவர்கள் திரட்டி, புள்ளியியல் முறைப்படி சோதித்தனர். அவற்றுள் இரு மேடு எனக் கொள்ள இடந்தந்தவை நூற்றுக்கு ஆறு அளவினவே. அதனோடும் நில்லாது, கணினி ஆசிரியர் 53 பேரிடம் ஐயத்திற்கு இடமான வரைபடங்கள் சிலவற்றைக் காட்டி, “இவற்றில் இரு மேடுகள் உளவா?” என வினவினர். திறம் பிறவியில் அமைவது என்று நம்பிய ஆசிரியரே, அப்படங்களில் இரு மேடுகளை மிகுதியாகக் கண்டனர். கண் கண்டதை மனம் நம்புதல் இயல்பு. ஈண்டோ மனம் நம்பியதைக் கண் கண்டது!

இதனைப் படித்தபோது, தமிழாசிரியனாகிய நான் என்னையே நொந்துகொண்டேன். பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகின்றார். பாலைப் பிரித்துண்ணும் அன்னத்தை ஒத்தவனும், மேய்ந்ததை அசைபோடும் பசுவை ஒத்தவனும் தலைமாணாக்கர். ஓட்டைக் குடத்தையும், நுனிப்புல் மேயும் ஆட்டையும், குளத்தைக் கலக்கும் எருமையையும், நெய்யை விட்டுக் கசட்டைப் பற்றும் பன்னாடையையும் ஒத்தவர் கடைமாணாக்கர். வெண்பா இயற்றக் கற்பிக்கும் ஆண்டுகளில், இரண்டாம் நாளிலேயே என் மாணவரை நான் இவ்வகைகளுள் அடைத்துவிடுவேன். ‘இவனுக்கு வரும், அவனுக்கு வாராது’ என்று நெஞ்சில் எழுதிக்கொள்வேன். என் கணிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை என்று பெருமையும் கொண்டிருந்தேன். ஏன் பிழைக்கவில்லை? வாராது என்று நான் கருதியவனை மீண்டும் எழுப்பி நான் வினவியதே இல்லை! விதைக்காத நிலத்தைப் பார்த்து, ‘விளையாது என்று அன்றே சொன்னேன்’ எனக் கூறிய உழவன் ஆனேன்.

பவணந்தியார் மீது பிழை இல்லை. மாணாக்கரை வகுத்த அப்பெரியார், அதே பாயிரத்தில் ஆசிரியரையும் வகுத்திருக்கின்றார். கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்தி அடைத்த குண்டிகை, முடத்தெங்கு என ஆசிரியராகார்க்கும் அவர் உவமை கூறியுள்ளார். முதலிட்ட காய் முதலில் வாராது முறைமாறி விழும் குடத்தைப் போல, கற்ற முறையில் கற்பிக்க அறியாதவரும் அவருள் அடங்குவர். மாணவர்க்குரிய நூற்பாவை வகுப்பில் ஓதிய என் போல்வார், ஆசிரியர்க்குரிய நூற்பாவைத் தேர்வுக்கு மட்டுமே ஓதினோம்.

பிறவி காரணம் அன்றெனின் வேறு யாது செய்யலாம்? அதற்கும் இத்துறையினர் வழி தேடினர். 2004ஆம் ஆண்டில் ஏழு நாடுகளைச் சார்ந்த ஆசிரியர் குழு ஒன்று, மாணவரை எழுதச் சொல்லாமல், பிறர் எழுதிய சிறு நிரல்களைப் படித்து விளைவைக் கூறுமாறு கேட்டது. பலர் அதற்கும் இடர்ப்பட்டனர். படிக்க அறியாதவனை எழுதப் பணித்தோம் என்பது அப்போது புலனாயிற்று. 2006ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டு ஆசிரியர் தேல் பார்சன்சும் பட்ரீசியா ஏடனும் புதிய பயிற்சி ஒன்றை வகுத்தனர். சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து, முறைப்படி அடுக்கச் சொல்லுவதே அப்பயிற்சி. செய்யுளின் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் காணப் பழகிய தமிழ் மாணவர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும். 2017ஆம் ஆண்டில் கோலி மாநாட்டில் படிக்கப்பெற்ற ஆய்வொன்று, இப்பயிற்சியால் மாணவர் குறைந்த நேரத்தில், நிரலை முழுதும் எழுதிக் கற்றவரை ஒத்த அளவு கற்றனர் எனக் காட்டிற்று.

“பல்லாண்டு பட்டறிவே ஆசிரியர்க்குப் போதும், மாநாடு எதற்கு?” என்பார் உளர். பட்டறிவை நான் இகழவில்லை. ஆயின், அது ஒரு சாளரத்தின் வழியே காணும் காட்சி. மற்றவர் தத்தம் சாளரத்தின் வழியே கண்டதையும் கேட்டாலன்றி முழு வெளி தோன்றாது. என் வெண்பா வகுப்பைப் பிறர் எவரேனும் வந்து நோக்கி, “அவனை ஏன் வினவவில்லை?” என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். என் பட்டறிவு என்னைக் கேட்கவில்லை.

“மாநாடு கூறியதையே நாம் அப்படியே கொள்வோம்” என்பாரும் உளர். அதுவும் தகாது. அக்கட்டுரைகளிற் பெரும்பாலன வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆத்திரேலியாவிலும் உள்ள வகுப்புகளிற் பிறந்தவை. நம் மேனிலைப் பள்ளிகளிலும் கணினி அறிவியல் பாடமாக உள்ளது. அதனைத் தமிழிற் கற்போரும் உளர். இங்கே எது பயன்படும் என்பதை இங்குள்ள ஆசிரியரே ஆராய்ந்து, இங்குள்ள அவையில் ஏற்றிக் காணுதல் வேண்டும். முடிவை இரவல் வாங்கலாகாது; முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

மாணவர்களே! உங்களுக்கு நான் கூற விரும்புவது ஒன்று. “எனக்கு இது வாராது” என்னும் சொல் உங்கள் வாயில் எழும்போது, அதற்குச் சான்று யாது என்று உங்களையே வினவுங்கள். நெடுநாள் நம்பப்பட்டது என்பது சான்றாகாது. பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதும் சான்றாகாது. சொன்ன பெரியவரே எட்டு ஆண்டு கழித்துத் தம் சொல்லைத் திரும்பப் பெற்ற வரலாற்றை மேலே கண்டீர்கள். வேறொரு வழியாகக் கற்றுப் பாருங்கள். எழுத வாராவிடின் முதலிற் படித்துப் பழகுங்கள். நாளை உங்களுட் சிலர் ஆசிரியராவீர்கள். அன்று உங்கள் வகுப்பில் ஒருவன் தவறி நின்றால், “உனக்கு வாராது” என்று கூறாதீர்கள். “நான் இவ்வாறு கற்பித்தேன், இவனுக்கு விளங்கவில்லை, காரணம் யாது?” என்று அவையில் எழுந்து கேளுங்கள். அவ்வினாவைக் கேட்க நாணாத ஆசிரியரே நல்லாசிரியர்.