யேசு அவதார புருஷரா?

நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போதெல்லாம் நம் ஊர்ச் சைவ வீடுகளிலே பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. அயல் வீட்டுப் பாலன் குடிலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “யேசுவும் சாமியா?” என்பார்கள். பெற்றோர் பெரும்பாலும் தயங்குவதில்லை. “ஓம் பிள்ளை, அவரும் ஓர் அவதாரம், எல்லாச் சாமியும் ஒன்றுதான்” என்று சொல்லிவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த விடை அன்பானது; எவரையும் புண்படுத்தாதது. ஆயினும், அயலாரின் நம்பிக்கையைச் சரியாக எடுத்துரைக்கும் விடைதானா என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருகோணமலை மிகவும் பொருத்தமான ஊர். கடலை நோக்கி நிற்கும் மலையிலே கோணேசர் கோயில். நகரினுள்ளே காளி கோயிலும், புனித மரியாள் பேராலயமும், மெதடிஸ்த தேவாலயமும், பள்ளிவாசலும், விகாரையும். கொட்டியாரக் குடாவின் கரையிலே மூதூரும் கிண்ணியாவும். யேசு யாவர் என்று வினவினால் இச்சிறு வட்டத்துள்ளேயே மூன்று விடைகள் கிடைக்கும். முஸ்லிம் அன்பர், “அவர் ஈஸா நபி, கன்னி மர்யமிடம் பிறந்த பெரும் இறைதூதர், ஆனால் இறைவன் அல்லர்” என்பார். இந்து, “அவதார புருஷர்” என்பார். கிறிஸ்தவரோ, “அவரே கடவுள்” என்பார். மூன்றும் மூன்று வேறு விடைகள். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றென எண்ணுவதே நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

நம் விடை எங்கிருந்து வந்தது? அதன் பின்னே உயர்ந்த மரபொன்று இருக்கிறது. ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சர் 1874ஆம் ஆண்டளவில் சில நாள் யேசுவையே தியானித்திருந்தார் என்பது அவர் வரலாறு. அவர் மறைந்த ஆண்டிலே, 1886 டிசம்பர் 24ஆம் நாள் இரவு, ஆந்த்பூர் என்னும் வங்கக் கிராமத்தில், நரேந்திரர் முதலிய இளம் சீடர்கள் தீ வளர்த்து அதனைச் சூழ்ந்திருந்து, யேசுவின் துறவை நினைந்து தாமும் துறவு பூண உறுதி கொண்டனர். அன்றிரவு கிறிஸ்து பிறப்பின் முன்னிரவு என்பது பின்னரே அவர்கள் நினைவுக்கு வந்ததாம். இராமகிருஷ்ண மடங்களில் இன்றும் அவ்விரவு கொண்டாடப்படுகிறது. மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிற் கற்று, பின்னர் அச்சங்கத்துத் துறவியாகி, 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்ற விபுலாநந்த அடிகள் அம்மரபினர். ஆதலின் யேசுவை அவதாரமாகப் போற்றும் மனப்பான்மை நம் பகுதியில் வேரூன்றியதில் வியப்பில்லை.

இனிக் கிறிஸ்தவர் தாம் என்ன சொல்கின்றனர் என்று பார்ப்போம். யேசுவின் முதற் சீடர்கள் யூதர்கள். இறைவன் ஒருவனே என்பதை நாள்தோறும் ஓதி வளர்ந்தவர்கள். மனிதன் ஒருவனைக் கடவுள் என்பதைப் பெரும் பாவமாகக் கருதியவர்கள். அத்தகையோர், தாம் உடனிருந்து உண்ட ஒருவரை வணங்கத் தலைப்பட்டனர் என்பதே வியப்பிற்குரியது. காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்று நின்ற தோமையார், உயிர்த்தெழுந்த யேசுவைக் கண்டதும் அவரைத் தம் ஆண்டவரென்றும் தம் கடவுளென்றும் அழைத்தார் என்கிறது யோவான் எழுதிய சுவிசேஷம். அந்தத் தோமையாரே மயிலாப்பூருக்கு வந்து உயிர் நீத்தார் என்பது தென்னாட்டுக் கிறிஸ்தவரின் மரபு.

உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீனே யேசுவைக் கடவுளாக்கினான் என்று எழுதுவோர் உளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்னும் அதிகாரி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் எனத் தன் மன்னனுக்கு முறைப்பாடு எழுதினான். அதே பித்தினியாவிலுள்ள நிக்கேயா நகரில், 325ஆம் ஆண்டு, கொன்ஸ்தந்தீன் ஆயர்களைக் கூட்டினான். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்னும் குரு, மகன் படைப்புகளுள் முதன்மையானவரேயாயினும் படைக்கப்பட்டவரே என்று போதித்தமையே அதற்குக் காரணம். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்று சங்கம் தீர்த்தது. ‘ஒரே பொருள்’ என்பதற்கும் ‘ஒத்த பொருள்’ என்பதற்கும் கிரேக்க மொழியில் ஓரெழுத்தே வேறுபாடு. அந்த ஓரெழுத்துக்காக அத்தனாசியார் என்னும் ஆயர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 2025ஆம் ஆண்டுடன் அச்சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்தன. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர் என எத்தனை பிரிவுகள் இருப்பினும், இந்த ஒரு தீர்ப்பில் அவர்களிடையே பிளவில்லை.

இது நம் அவதாரக் கொள்கையினின்று எவ்வாறு வேறுபடுகிறது? முதலாவது, அவதாரங்கள் பல. தருமம் தளரும்போதெல்லாம் இறைவன் வருவான் என்பது நம்மவர் கொள்கை. கிறிஸ்தவருக்கோ அது வரலாற்றில் ஒரு முறை நிகழ்ந்தது. மீண்டும் பிறத்தல் இல்லை. இரண்டாவது, உடம்பைப் பற்றியது. அவதாரத் திருமேனி நம் உடம்பு போன்றதன்று, சுத்த சத்துவமயமானது என்பர் இராமாநுசர் வழிவந்தோர். கிறிஸ்தவரோ இதற்கு நேர்மாறாக, யேசுவின் உடம்பு நம் உடம்பேதான் என்று வற்புறுத்துவர். அவ்வுடம்பு வெறுந் தோற்றமே என்று சொன்னவர்களைத் திருச்சபை தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. 451இல் கல்செதோன் நகரிற் கூடிய சங்கம், அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், ஆயினும் ஒருவரே என்று வரையறுத்தது. ஆகவேதான் அவர் பசித்தார், கிணற்றடியிலே களைத்து உட்கார்ந்தார், நண்பனின் கல்லறையில் அழுதார், சாவை எண்ணி அஞ்சினார் என்றெல்லாம் சுவிசேஷங்கள் மறைக்காமல் எழுதுகின்றன. மூன்றாவது, எடுத்த மனித இயல்பை அவர் களைந்துவிடவில்லை. காயத் தழும்புகளுடனேயே வாழ்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை.

தமிழ்க் கிறிஸ்தவர் தாமே இதற்கு ‘மனிதாவதாரம்’ எனப் பெயரிட்டமையால் நம் மயக்கம் மிகுந்தது. ஒரு சொல்லை இரவல் வாங்கினால் அதன் பழைய பொருளும் கூடவே வந்துவிடும் அன்றோ?

உண்மையில், வைணவர்க்கு எளிதாகத் தோன்றும் இக்கொள்கை சைவர்க்குப் பெரிதும் கடினமானது. சிவபெருமான் கருவிலே தங்கிப் பிறந்தான் என்று சைவ சித்தாந்தம் எங்கும் கொள்வதில்லை; அவன் பிறப்பிலி. அருளினால் குருவடிவு தாங்கி வருவான். வினையினால் வரும் பிறவியோ இறப்போ அவனுக்கில்லை. கடவுள் பிறந்தார், வருந்தினார், இறந்தார் என்னும்போது சைவர் உள்ளம் திடுக்கிடுகிறது. அத்திடுக்கீட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. மாறுதலற்ற இறைவனுக்குப் பிறப்பேது, துன்பமேது என்பதே ஆரியுஸ் உள்ளத்தையும் உறுத்திய கேள்வி. கேள்வி நம்முடையது மட்டுமன்று என்றறிவது நல்லது.

பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். வந்திக் கிழவியின் கூலியாளாக இறைவன் மண் சுமக்கிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன்மீதும், அரசிமீதும், உலகத்து உயிர்கள் அனைத்தின்மீதும் படுகிறது. அடிபடும் தெய்வத்தை நாமும் அறிவோம். ஆனால் ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்குக. நம் கதையில், ஒருவன்மேல் விழுந்த அடி எல்லார் முதுகிலும் பட்டது. அதனால் அவனே எங்கும் நிறைந்தவன் என்பது விளங்கியது. கிறிஸ்தவர் சொல்வதோ, எல்லார்மேலும் விழவேண்டிய அடி ஒருவர் முதுகிலே விழுந்தது, அவர் அதனால் மாண்டார் என்பது. நம் கதை இறைவனின் இயல்பைக் காட்டும் விளையாட்டு. அவர்கள் கதை, விளையாட்டாகக் கொள்ள முடியாத மரணம். இவ்விரண்டையும் ‘ஒன்றுதான்’ என்றால், இரண்டின் சுவையும் கெடும்.

கிறிஸ்தவத் தமிழரும் இக்கேள்வியோடு போராடாமல் இல்லை. வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் தமிழர், கடவுள் ஒருவரே, யேசு கடவுள் அல்லர் என்று கொண்டு, சென்னைப் புரசைவாக்கத்தில் 1813இல் தம் சிறு சபைக்கென ஓர் ஆலயம் எழுப்பினார். மாறாக, சென்னை நகர மேயராகவும் விளங்கிய வெங்கல் சக்கரை, 1920களில் ‘யேசு எனும் அவதாரம்’ என்ற பொருள்படும் பெயரில் ஆங்கிலநூல் எழுதி, அச்சொல்லைத் துணிந்து கையாண்டார். எனினும் அந்த அவதாரம் முடிந்துபோவதன்று, நிலைத்திருப்பது என்று திருத்தியே கையாண்டார். பாளையங்கோட்டையிற் பிறந்து கோயம்புத்தூர் ஆயரான ஏ. ஜே. அப்பாசாமி, பக்தி மார்க்கத்தின் வழியே கிறிஸ்துவை விளக்க முயன்றார். நம் சொற்களை எடுத்தாண்ட இவ்விருவரும், எவ்விடத்தில் அவை போதாவென்பதையும் அறிந்தே எழுதினர்.

இவ்வளவு நுட்பம் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். அக்கோட்டை வாயிலைக் கடந்துதான் இன்றும் நாம் கோணேசரைத் தரிசிக்கச் செல்கிறோம். ஒருவரே கடவுள், ஒரே முறை வந்தார் என்னும் நம்பிக்கை, பீரங்கியோடு வந்திறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அக்கற்களே சான்று. அந்த நினைவினால், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கேட்கவே விரும்பாதவர் நம்முள் உளர். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆயினும் ஆதிக்கஞ் செய்தவனின் அநீதி வேறு. அவன் கழுத்திலே தொங்கிய சிலுவை குறிக்கும் நம்பிக்கை வேறு. அச்சிலுவையில் அறையப்பட்டவரே ஒரு பேரரசின் ஆளுநனால் கொல்லப்பட்டவர் அல்லரோ? கோயிலை இடித்தவர்கள் தம் கடவுளைத் தாமே அறியாதிருந்தனர் என்று சொல்ல, அக்கடவுளைப் பற்றி நாமாவது அறிந்திருத்தல் வேண்டும்.

‘எல்லாம் ஒன்றுதான்’ என்பவரும் கேட்பதில்லை. ‘எல்லாம் பொய்தான்’ என்பவரும் கேட்பதில்லை. முன்னவர் அன்பினாலும் பின்னவர் கோபத்தினாலும் அயலாரின் வாயை அடைத்துவிடுகின்றனர். “உங்கள் யேசு எங்கள் பத்து அவதாரத்துக்குப் பின் வந்த பதினோராவது” என்று ஒரு கத்தோலிக்கத் தாயிடம் சொன்னால், அவள் புன்னகையோடு தலையசைப்பாள். அவள் மனத்திலுள்ளது சொல்லப்படாமலே போய்விடும்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை இங்கே நினைத்தல் தகும். அவர் பேர்சிவல் பாதிரியாரோடு பல்லாண்டு உழைத்து, பைபிளை நல்ல தமிழிலே அமைக்கத் துணைநின்றார். 1850இல் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதன் ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்துப் பார்த்துத் தமிழாக்கியவர், யேசுவைக் கடவுளாக ஏற்கவில்லை. 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதி, பைபிளைக் கொண்டே பாதிரிமாருக்கு மறுமொழி சொன்னார். அவர் கடுமை நமக்கு வேண்டாதிருக்கலாம். ஆனால் தாம் மறுப்பது யாதென்பதை அவர் ஐயமற அறிந்திருந்தார். அறியாமல் ஏற்பதைக்காட்டிலும் அறிந்து மறுப்பது அயலார்க்கு நாம் செய்யும் பெரிய மரியாதை. அறிந்தபின் வேறுபட்டும் நட்போடிருப்பது அதனினும் பெரியது.