பட்டியலில் இல்லாத பாட்டு

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பிரான்ஸ் முழுக்க இசைத்தட்டுக் கடைகளுக்குத் திருவிழா. டிஸ்கேர் டே என்பார்கள். இம்முறை நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பொடியனுக்கு இருபது வயதுகூட இராது. ஒரு காலத்தில் பழஞ்சாமான் சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடந்த தட்டு ஒன்றின் புதுப் பதிப்பை நாற்பது ஈரோ கொடுத்து வாங்கினான். வீட்டில் றெக்கோட் பிளேயர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். சுவரில் மாட்டப் போகிறானாம்.

எனக்கு வந்த எரிச்சலில் ஒன்றும் வாங்காமல் பாரிஸில் நம் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு நடந்து வந்து, லூயி பிளாங் தெரு முனையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வீடு சேர்ந்தேன். தட்டு என்றால் சுற்ற வேண்டும். என் அலுமாரியில் உள்ளவற்றையாவது சுற்ற விடுவோம் என்று ஒரு தொண்ணூறு நிமிடக் கசற்றை எடுத்தேன். விதி ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு தட்டை உருவ வேண்டும். ஊசி எந்தப் பாட்டில் விழுகிறதோ அதுவே பதிவாகும்.

கசற்றின் முதல் சில விநாடி வெறும் பிளாஸ்டிக். அதில் ஒன்றும் பதியாது. பல்லுச் சில்லுக்குள் பென்சிலை நுழைத்துச் சுற்றி, பழுப்பு நாடா எட்டிப் பார்த்த பிறகுதான் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும். முதலில் டி.எம்.எஸ். வந்தார். அவர் முடிய ஜாக் பிரெல். அவருக்குப் பின்னால் 'திருவிளையாடல்' வசனத் தட்டு. பிரெல் உருகி முடித்த கையோடு நாகேஷின் தருமி புலம்பத் தொடங்கியதும், பாட்டு மட்டும்தான் என்ற நினைப்பைக் கைவிட்டேன். இரண்டு பேருக்கும் இடையே இவ்வளவு சொந்தம் இருக்கும் என்று யார் கண்டது?

மருமகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? போனில ஷஃபிள் போட்டா இதேதானே?"

இல்லைப் பிள்ளை. ஷஃபிள் முழுக்கத் தற்செயல் அல்ல. உண்மையான தற்செயலில் ஒரே பாடகர் அடுத்தடுத்து வந்துவிடுவார். கேட்கிறவர்கள் இது கலைக்கவே இல்லை என்று முறையிடுவார்கள். ஸ்பொட்டிஃபை பொறியாளர்களே 2014இல் இதை விளக்கி எழுதினார்கள். அதனால் ஒரே பாடகரின் பாட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கும்படி கணக்கை மாற்றினார்களாம். அதாவது, தற்செயல் போலத் தெரிவதற்காகத் தற்செயலைத் திருத்தியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த நல்ல தற்செயல் யாழ்ப்பாணத்து றெக்கோடிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், இருந்தது. கொப்பித் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்து, வெறும் கசற்றையும் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் போக வேண்டும். கடை அண்ணை எல்பியிலிருந்தும் ஈபியிலிருந்தும் பதிந்து, அட்டையில் சிவப்புப் பேனையால் முத்து முத்தாக எழுதி வைத்திருப்பார். தொண்ணூறு நிமிடக் கசற்றில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். நாம் கேட்ட பாட்டுகள் ஒருநாளும் அதை முழுதாக நிரப்பா. கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும்.

ஒருமுறை கேட்டேன், நான் எழுதாத பாட்டு ஒன்று கடைசியில் கிடக்கிறதே என்று.

"ரேப் மிஞ்சிக் கிடந்தது, தம்பி. சும்மா விட மனமில்லை. கேட்டுப் பாருமன், பிடிக்காட்டி அழிச்சுத் தாறன்."

அழிக்கச் சொன்னவர் எவரையும் நான் அறியேன். மிச்ச நாடாவுக்கு அவர் தேடுவது நீளம் குறைந்த பாட்டு. இலங்கைப் பொப் பாடல்கள் அதற்கு அளவெடுத்துத் தைத்தவை. எங்கள் தலைமுறையில் பலருக்கு நித்தி கனகரத்தினம் அறிமுகமானது இப்படித்தான். நான் கேட்டது இளையராஜா, எனக்குக் கிடைத்தது உரும்பிராய் நித்தி.

பேர் வந்துவிட்டது, இனி என்னை நிறுத்த முடியாது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் எழுந்து தேத்தண்ணி போடப் போகலாம். 'சின்ன மாமியே' ஏ.ஈ. மனோகரனின் பாட்டு அல்ல. அது நித்தியின் பாட்டு. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் அவருடையதே. மனோகரன் பெரிய கலைஞர், மறுக்கவில்லை. 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுபோனவர், தமிழ்ப் படங்களில் வில்லனாக நின்றவர், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது நானும் வருந்தினேன். அதற்காக மற்றவரின் மாமியையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டுமா? லாச்சப்பலைச் சுற்றி நடக்கிற ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் ஒலிபெருக்கியைப் பிடிக்கிற தம்பி, "அடுத்து சிலோன் மனோகரின் சின்ன மாமி" என்கிறார். நான் எழுந்து போய்த் திருத்துகிறேன். மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நித்திக்குப் போய்ச் சேராதது பேர் மட்டுமல்ல, காசும்தான். பிரான்சில் வீட்டுப் பதிவுக்கென்றே ஒரு சட்டம் உண்டு. சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுக்கலாம். அதற்கு ஈடாக, 1985 ஜூலைச் சட்டப்படி, வெறும் கசற்றின் விலையிலேயே கலைஞர்களுக்கு ஒரு பங்கு பிடித்தார்கள். ஆக, எண்பதுகளின் பிற்பாதியில் லாச்சப்பலில் நாம் வெறும் கசற் வாங்கி, ஊரிலிருந்து வந்ததை டபுள் டெக்கில் பிரதி எடுத்தபோது, யாரோ ஒரு பிரெஞ்சுப் பாடகருக்குக் கட்டணம் கட்டியிருக்கிறோம். நித்திக்கு அதில் ஒரு சாந்தீமாவது போயிருக்குமா என்று கேட்டால் அலுவலகங்களில் சிரிப்பார்கள்.

றெக்கோடிங் பார் அண்ணைமார் உரிமைச் சட்டம் எதையும் மதித்தவர்கள் அல்லர், அதை மறைக்க முடியாது. ஆனால் போன் எனக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பத் தருகிறது. அண்ணை தனக்குப் பிடித்ததைத் தந்தார். இரண்டில் அண்ணையே மேல்.

உங்களிடம் பழைய றெக்கோடிங் பார் கசற் இருந்தால் இந்த வாரம் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அட்டையில் எழுதாமல் கடைசியில் கிடக்கிற பாட்டு எது, எந்த ஊர்க் கடை என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். கசற்றை மட்டும் அனுப்ப வேண்டாம், தபாலில் நொறுங்கிவிடும்.