பாட்டு இல்லாத படத்தின் இசை



சினிமா இசை பற்றி நம் இதழில் எது வந்தாலும் சரி, அடுத்து வரும் உங்கள் கடிதங்களில் ஒரு படத்தின் பெயர் எட்டிப் பார்த்துவிடும். அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. டூயட் இல்லை, தாலாட்டு இல்லை, டைட்டில் சாங்கும் இல்லை. ஆனாலும், "அந்த வயலின் இருக்கிறதே..." என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தைத்தான் சொல்கிறேன். 1988-ல் வெளிவந்த படம். அதில் வரும் இசை அந்தப் படத்துக்காக அமைக்கப்பட்டதல்ல என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இளையராஜா 1986-ல், சினிமாவுக்கு வெளியே, 'ஹவ் டு நேம் இட்?' என்று ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். தியாகராஜருக்கும் ஜோஹன் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கிய இசை அது. அதிலிருந்து எடுத்துத்தான் பாலுமகேந்திரா தன் படத்துக்குப் பின்னணி சேர்த்துக்கொண்டார்.

இந்த இசையைப் பற்றி நீங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஒருவர் உருகுகிறார், இன்னொருவர் முகம் சுளிக்கிறார், மூன்றாமவர் "எனக்கு இசையெல்லாம் தெரியாது" என்று தொடங்கி மற்ற இருவரையும்விட நன்றாகப் பேசிவிடுகிறார். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்கலாம் என்று தோன்றியது.

படம் பார்க்காத இளையவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுதா ஆபீசில் வேலை பார்க்கும் பெண். கூட ஒரு தங்கை, வயதான தாத்தா. தாத்தா ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். வேறு வீடு தேடினால் வாடகை கைக்கு எட்டவில்லை. தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டிவிட்டால் என்ன?

அவ்வளவுதான், அங்கிருந்து ஆரம்பிக்கிறது அலைச்சல். கடனுக்கு நடை. அஸ்திவாரம் போடும் நேரத்தில் மழை. சிமென்ட்டைத் திருட்டுத்தனமாக விற்கும் கான்ட்ராக்டர். அதை அம்பலப்படுத்துவது மங்கம்மா என்ற சித்தாள். பிறகு அவளே முன்நின்று வேலையைப் பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் தாண்டி வந்தால், "இந்த இடம் எங்களுக்குச் சேர்ந்தது" என்று நிற்கிறது குடிநீர் வாரியம்.

இதில் எது நம் குடும்பங்களில் நடக்காதது? 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று சும்மாவா சொன்னார்கள்? பட்டாவுக்காக நடந்தவர்கள், லோன் பாஸாகுமா என்று தூங்காமல் கிடந்தவர்கள், கான்கிரீட் போடுகிற அன்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கழுத்து நகையைக் கழற்றி அடகு வைத்தவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இருப்பார். தன் அம்மா வீடு கட்டப் பட்ட பாட்டைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது என்று பாலுமகேந்திராவே சொல்லியிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்புப் பக்கம். ஊர் எதுவானால் என்ன, செங்கல்லும் கடனும் எங்கேயும் ஒன்றுதானே!

இப்போது இசைக்கு வருவோம்.

நான் அடிக்கடி கேட்கும் முதல் குறை, 'ஒரே சோகமாக இருக்கிறது' என்பது. இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆல்பத்தை முழுதாகக் கேட்காதவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். அதில் துள்ளி ஓடும் இசையும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. படத்தில் கேட்ட பகுதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மொத்தத்தையும் எடைபோடக் கூடாது.

இரண்டாவது குறை கொஞ்சம் யோசிக்க வைப்பது. வளசரவாக்கத்தில் செங்கல் அடுக்கும் கீழ்நடுத்தரக் குடும்பத்துக்கு எதற்கு ஐரோப்பிய பாணியில் இத்தனை வயலின்கள்? ஒரு நாகஸ்வரமோ புல்லாங்குழலோ போதாதா? நம் மண்ணோடு ஒட்டவில்லையே?

இப்படிக் கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நன்றாக இசை கேட்டுப் பழகியவர்களே கேட்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

வயலின் நமக்கு அந்நியமா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் அது உட்காராத நாள் உண்டா? சினிமாவிலோ, நம் அம்மாக்கள் சமையலறையில் முணுமுணுத்த எத்தனையோ பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின் கூட்டம்தான் நிறைந்திருக்கிறது. அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எப்படி வெளியூர்ச் சத்தமாகும்?

இந்த ஆல்பத்தில் வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் வாசித்து வாசித்துத் தேர்ந்த கலைஞர். கே.பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' படத்துக்கு இசையமைத்தவரும் அவர்தான். அந்தப் படத்தின் பாட்டுகளை இன்றைக்கும் நேயர் விருப்பத்தில் கேட்கிறீர்கள். அவர் வில் பிடித்து வாசித்ததை 'நம்முடையது இல்லை' என்று எப்படித் தள்ளுவது?

இன்னொன்றும் உண்டு. படத்தில் தாத்தா யார்? பாட்டு வாத்தியார். அந்த வேடத்தில் நடித்த சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையிலிருந்து வந்தவர். பாட்டைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு பெரியவர் ஒண்டியிருக்கும் வாடகை வீடு அது. பணம் இல்லாத வீடு என்றால் ரசனையும் இருக்காது என்று நாம் ஏன் நினைத்துக்கொள்கிறோம்? மாதக் கடைசியில் பால்காரருக்குக் கடன் சொல்லும் வீட்டில் அரியக்குடி பாட்டு ஒலித்ததில்லையா? ஒற்றை அறைக் குடித்தனத்தில் தம்புராவை உறை போட்டு மூலையில் நிறுத்தி வைத்தவர்களை நமக்குத் தெரியாதா?

அந்த ஆல்பத்தில் ஒரு பகுதியின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் வயலினுக்கு எழுதிய இசையை எடுத்துக்கொண்டு, அதோடு இளையராஜா தன் இசையைக் கலந்து பேசவைக்கிறார். பண்ணைபுரத்திலிருந்து வந்த ஒருவர் பாக்கைத் தன் வீட்டில் சந்திக்கலாம் என்றால், வளசரவாக்கத்தில் பாதி எழும்பிய சுவருக்குள் அந்த இசை வருவதில் என்ன தடை?

மூன்றாவது கருத்து, 'வேறு எதற்காகவோ போட்ட இசையைப் படத்தில் ஒட்டவைத்ததற்கு எதற்கு இத்தனை பாராட்டு?' என்பது. நியாயமான கேள்வி. பின்னணி இசை என்றால் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, நேரம் பார்த்து, அதற்கென்று எழுதுவதுதான் வழக்கம். இங்கே காட்சிதான் இசையைத் தேடிப் போயிருக்கிறது. ஆனால் அப்படித் தேடிப் போனது யார் என்று பாருங்கள். இந்தப் படத்துக்குக் கேமராவும் அவர், எடிட்டிங்கும் அவர், டைரக்‌ஷனும் அவர். எந்த இடத்தில் எத்தனை நொடி மௌனம் வேண்டும் என்று அறிந்தவர். 'மூடுபனி'யில் தொடங்கி இளையராஜாவோடு கூடவே நடந்தவர். இளையராஜாவுக்கு அது நூறாவது படம், 1980-ல் வந்தது. நண்பரின் ஆல்பத்தில் தன் படத்துக்கு வேண்டியது இருக்கிறது என்று கண்டுகொள்ள அவரைவிட ஏற்றவர் வேறு யார்?

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் நான் குறைசொல்பவர்கள் பக்கம். வேலை நடக்கும் இடத்தின் ஓசைகளே படத்தில் அவ்வளவு இயல்பாக இருக்கின்றன. மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தமும் ஆட்களின் பேச்சும் இருக்கும்போது, ஓரிரு இடங்களில் வயலின் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியதுண்டு.

கடைசியாக ஒரு கருத்து. இதுதான் என்னை அதிகம் தொட்டது. 'படத்தைப் பார்த்த பிறகு இந்த ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்க முடியவில்லை. தாத்தா வந்து நிற்கிறார்' என்கிறார்கள்.

படம் பார்த்தவர்களுக்குப் புரியும். கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகப் புறப்பட்டுப் போகிறார். யாரிடமும் சொல்லவில்லை. வெயிலில் தள்ளாடி வந்து சேர்ந்து, சுவரைத் தடவிப் பார்க்கிறார். அந்த முகத்தில் வரும் சந்தோஷம்! வசனமே தேவைப்படாத காட்சி. போனவர் திரும்பி வீடு வந்து சேரவில்லை. இந்தப் படத்தின் இசையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஆல்பத்தை முதலில் கேட்டவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. கேஸட் காலத்தில் அதை வாங்கி, கண்ணை மூடிக் கேட்டு, ஆளுக்கொரு காட்சியை மனதில் வரைந்து வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ஆறு, ஒருவருக்குப் பள்ளிக்கூடத்துச் சாலை. பிறகு படம் வந்து அத்தனையையும் அழித்துவிட்டு ஒரு கிழவரை நிறுத்திவிட்டது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இசை தெரிந்தவர்கள் மட்டும் 'இது ஃபியூக், இது ராகம்' என்று பேசிக்கொண்டிருந்த ஆல்பம் அது. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளார்க்கும், மேஸ்திரியிடம் ஏமாந்த ஒரு வாத்தியாரும் தங்கள் இசை என்று அதைச் சொல்லவைத்தது அந்தத் தாத்தாதான். வீடு கட்டியவர்களின் கருத்து எனக்குத் தனியாகத் தெரிந்துவிடுகிறது. அவர்கள் ஸ்வரம் பற்றிப் பேசுவதில்லை. 'எங்கப்பா இப்படித்தான் தினமும் சாயங்காலம் போய், கட்டின சுவருக்குத் தண்ணி ஊத்திட்டு வருவார்' என்று எழுதுகிறார்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான் சாய்கிறது. ஓர் இசைக்கு இதைவிட நல்ல விமர்சனம் எது?

இப்போது உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்க வேண்டும்.

'வீடு' அந்த ஆண்டு சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகையானார். அப்படிப்பட்ட படத்தின் நெகட்டிவே இன்று இல்லை என்று பாலுமகேந்திரா தன் கடைசி ஆண்டுகளில் மனம் நொந்து சொல்லிவந்தார். 2014-ல் அவரும் போய்விட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் பிரதிகளில் நிறமும் மங்கல், ஒலியும் மங்கல். ஆல்பம் மட்டும் தெளிவாக இருக்கிறது. போனிலேயே கேட்கலாம், செலவு ஒன்றுமில்லை.

மங்கிய பிரதியை மட்டும் பார்த்துவிட்டு, 'பழைய படம், சத்தம் சரியில்லை' என்று உங்கள் பிள்ளைகள் பாதியில் எழுந்து போயிருக்கலாம். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். முதல் பதினைந்து நொடியில் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடும் பழக்கம் இப்போது பெரியவர்களுக்கும்தான் வந்துவிட்டது. அதனால் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முதலில் ஆல்பத்தைப் போடுங்கள். ஆளுக்கொரு இயர்போனில் வேண்டாம். ஹாலில், ஸ்பீக்கரில், டி.வி.யை அணைத்துவிட்டு. முழுதும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பத்துப் பகுதிகளில் இரண்டு போதும். கேட்கும்போது யாரும் எதுவும் விளக்க வேண்டாம். அடுத்த விடுமுறை நாளில் படத்தைப் பாருங்கள். காதில் ஏற்கெனவே இசை தெளிவாக இருப்பதால், பிரதியின் கரகரப்பு அவ்வளவாக உறுத்தாது.

முடிந்தால் வீட்டில் வீடு கட்டிய அனுபவம் உள்ளவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோ, மாமியாரோ, பெரியப்பாவோ. கான்ட்ராக்டர் வரும் காட்சியில் அவர்கள் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தங்கள் கதையை ஆரம்பித்தால், நிறுத்திக் கேளுங்கள்.

பார்த்து, கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். ராகப் பெயரெல்லாம் வேண்டாம். ஆல்பத்தை முதலில் கேட்டீர்களா, படத்தை முதலில் பார்த்தீர்களா என்று ஒரு வரி. எந்த இடத்தில் இசை நன்றாக இருந்தது, எங்கே தேவைப்படவில்லை என்று ஒரு வரி. பிடிக்கவில்லை என்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள், அதையும் போடுவோம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் நேர்மாறாக எழுதினால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வெளியிட ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்